கதை எந்தப் பக்கம் கதிரை போடுகிறது?

சென்ற இதழில் ஒரு மூலையில் இரண்டு வரி போட்டிருந்தேன்: பதின்ம வயதுப் பிள்ளைகள் பார்க்கிற நாடகங்களைப் பற்றிக் கிறிஸ்தவ வாசகர்களுக்குக் கேள்வி இருந்தால் எழுதுங்கள் என்று. இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபைக்காரர், மெதடிஸ்தர், பெந்தெகொஸ்தே என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறது, கோபமும் எல்லாப் பக்கத்திலும் ஒரே அளவுதான். பெயர்களைப் போடவில்லை. யாழ்ப்பாணம் சின்ன இடம், முதலெழுத்தைப் போட்டாலே ஞாயிறு பூசை முடிந்து படலைக்கு வருவதற்குள் ஆள் யாரென்று பிடித்துவிடுவார்கள்.

கேள்வி: என் மகளுக்கு 15 வயது, அடுத்த வருடம் சாதாரண தரம் எடுக்க வேண்டியவள். இரவில் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு ஆங்கிலத்திலும் கொரியனிலும் பள்ளிக்கூட நாடகங்கள் பார்க்கிறாள். ஒருநாள் வாங்கி ஒரு பகுதியைப் பார்த்தேன். முத்தம் மூன்று, பியர் போத்தல் ஒன்று, தாயிடம் பொய் இரண்டு. அன்பியத்தில், அதுதான் எங்கள் அயல் வீட்டுக்காரர் கூடுகிற செபக் குழுவில், கேட்டால் போனைப் பறி என்கிறார்கள். பறிக்கட்டா ரீச்சர்?
– ஒரு தாய், குருநகர்

பறிக்கலாம். ஒரு கிழமை வீடு அமைதியாக இருக்கும், அப்புறம் ரியூசனில் சிநேகிதியின் போனில் பார்ப்பாள், அங்கே நீங்கள் பக்கத்தில் இருக்கமாட்டீர்கள். போர்வைக்குள் பார்ப்பதை நிறுத்துங்கள், அது நித்திரைக்காகவாவது. நாடகத்தை நிறுத்துவது வேறு விஷயம்.

உங்கள் கணக்கைப் பார்த்துச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் எண்ணினேன். இப்போது எண்ணுவதில்லை. எண்ணத் தொடங்கினால் வேதாகமமே தேறாது. 2 சாமுவேல் 11ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். மாடியில் உலாவுகிற ராஜா, குளிக்கிற பெண், கர்ப்பம், அதை மறைக்கப் புருஷனைக் குடிக்க வைத்து வீட்டுக்கு அனுப்பப் பார்த்தது, அதுவும் சரிவராமல் அவனைப் போர்முனையில் சாகவிட்டது, எல்லாம் ஒன்றும் விடாமல் இருக்கிறது. எழுதியவர் அதிகாரம் முழுக்க வாயைத் திறந்து ஒரு தீர்ப்புச் சொல்லவில்லை. கடைசி வசனத்தின் கடைசியில் மட்டும், தாவீது செய்த இந்தக் காரியம் கர்த்தரின் பார்வைக்குப் பொல்லாததாயிருந்தது என்று ஒரு வரி. அடுத்த அதிகாரத்தில் நாத்தான் தீர்க்கதரிசி வந்து பிரசங்கம் பண்ணுகிறாரா என்றால் அதுவும் இல்லை, கதைதான் சொல்கிறார், ஒரேயொரு ஆட்டுக்குட்டி வைத்திருந்த ஏழையின் கதை. அந்த ஏழைக்குப் பக்கத்தில் இருந்து தாவீது நன்றாகக் கோபப்பட்டு முடித்த பிறகுதான் "நீயே அந்த மனுஷன்" என்கிறார்.

நான் இப்போது பார்ப்பது இதைத்தான். இந்தக் கதை எனக்கு யாருக்குப் பக்கத்தில் கதிரை போடுகிறது? ஏமாற்றுகிறவனுக்குப் பக்கத்தில் இருத்திச் சிரிக்க மட்டும் வைக்கிறதா, ஏமாந்தவளுக்குப் பக்கத்திலும் கொஞ்ச நேரம் இருக்க விடுகிறதா?

போன வருடம் என் தங்கை மகள் விறாந்தையில் போனை ஹோர்லிக்ஸ் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் இருந்தேன். இயர்போனில் ஒன்றைக் கழற்றித் தந்தாள். நாடகத்துப் பெண் வகுப்பு இருக்கிறது என்று தாயிடம் பொய் சொல்லிவிட்டு ஒரு பொடியனோடு கடற்கரைக்குப் போகிறாள். நான் வாயைத் திறந்தேன். "பொறுங்கோ பெரியம்மா" என்றாள். அடுத்த காட்சியில் அந்தத் தாய் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு மேசையிலேயே தலையைச் சாய்த்து நித்திரை. மகள் வந்து மூடியைத் திறந்து பார்க்கிறாள், இருக்காமல் நின்றபடியே ஆறிய சோற்றைச் சாப்பிடுகிறாள், ஒரு வசனம் இல்லை. என் தங்கை மகள் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "அம்மாவும் இப்பிடித்தான் மூடி வைக்கிறவ" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு முழுப் பகுதியை அவளோடு இருந்து பாருங்கள், முடியும்வரை கதைக்காதீர்கள். கஷ்டம்தான், எனக்குத் தெரியும்.

கேள்வி: எங்கள் போதகர் பிலிப்பியர் 4:8ஐக் காட்டி இந்த நாடகங்களைப் பார்க்கக்கூடாது என்றார். உண்மையுள்ளவை, ஒழுக்கமுள்ளவை, கற்புள்ளவை, அவைகளையே சிந்திக்க வேண்டுமாம். அப்படியென்றால் நியாயாதிபதிகள் புத்தகத்தையும் வாசிக்கக்கூடாதே என்று கேட்டேன். எதிர்த்துக் கதைக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். நான் கேட்டது பிழையா?
– உயர்தர மாணவன், சுண்டுக்குளி

பிழையில்லை தம்பி. கேட்ட தொனி எப்படியிருந்தது என்பது உங்களுக்கும் போதகருக்கும் வெளிச்சம்.

அந்தப் பட்டியலில் முதலாவதாக நிற்பது உண்மை என்பதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். வகுப்பில் ஒருவனை ஒதுக்கி வைத்தால் அவனுக்கு என்ன நடக்கிறது என்று உள்ளபடி காட்டுகிற கதையில் கெட்ட வார்த்தை வந்தாலும் அதில் உண்மை இருக்கிறது. கெட்ட வார்த்தை ஒன்றும் வராமல், பணமும் வடிவும் உள்ளவர்களுக்கு மட்டும்தான் அன்பு கிடைக்கும் என்று காட்டுகிற கதை பொய். நியாயாதிபதிகள் புத்தகமும் அந்த 19ஆம் அதிகாரக் கொடுமையை, ஒரு பெண்ணை ஊர்க்காரர் இரவு முழுக்க வதைத்ததை, வேடிக்கை பார்க்கத் தரவில்லை, அவனவன் தன் தன் பார்வைக்குச் சரிப்போனபடி செய்துவந்தான் என்று சொல்லித்தான் புத்தகத்தையே மூடுகிறது.

உங்கள் பக்கத்தில் இவ்வளவு நியாயம் உண்டு. போதகரின் பக்கத்திலும் உண்டு, அதை நீங்கள் கேட்க விரும்பமாட்டீர்கள். அந்த வசனத்தின் கடைசிச் சொல் "சிந்தித்துக்கொண்டிருங்கள்". பார்த்த ஒரு மணித்தியாலம் அங்கே பேச்சில்லை, பார்த்து முடித்த பிறகு மூன்று நாள் தலைக்குள் என்ன ஓடுகிறது என்பதுதான் பேச்சு. சைக்கிளில் போகும்போது, கணக்கு வாத்தியார் பலகையில் எழுதும்போது, எந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது? பழிவாங்குகிற நாடகம் பார்த்து, வகுப்பில் ஒருவனை எப்படி மடக்கலாம் என்று மனம் திட்டம் போடத் தொடங்கினால் அதை நிறுத்த எந்தப் போதகரும் தேவையில்லை, உங்களுக்கே தெரியும்.

கேள்வி: இதைப்பற்றிக் கத்தோலிக்கத் திருச்சபை உத்தியோகபூர்வமாக ஏதாவது சொல்லியிருக்கிறதா, அல்லது ஒவ்வொரு சுவாமியும் தன் பாட்டில் சொல்கிறாரா?
– வாசகர், இளவாலை

இரண்டும் நடக்கிறது. பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் 1936இலேயே சினிமாவைப்பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். அப்புறம் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் திகதி சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றி ஓர் ஆணையை வெளியிட்டது. அதன் 7ஆம் பத்தி நம் விஷயத்துக்கு நேரடியாக வருகிறது. தீமையைக் கதையில் விவரிப்பதாலும் காட்டுவதாலும் மனிதனை ஆழமாக அறிய முடியும், நன்மையின் பெருமையும் அதனால் வெளிப்படலாம் என்கிறது. உடனே கூடவே, அது ஒழுக்க நெறிக்கு உட்பட்டிருக்க வேண்டும், கெட்ட ஆசையைச் சுலபமாகத் தூண்டக்கூடிய விஷயங்களில் இன்னும் கவனம் வேண்டும் என்றும் சொல்கிறது. ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்டு சண்டை பிடிப்பதுதான் வழக்கம். அதே ஆணை, பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள் என்று கவனிக்கிற பொறுப்பைப் பெற்றோரிடமும் கொடுத்திருக்கிறது, ஆகவே சுவாமி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட முடியாது.

கேள்வி: ஆங்கில நாடகம் என்றால் விடமாட்டேன். கொரியன் நாடகம் சுத்தம்தானே ரீச்சர்? பதினாறு பகுதி பார்த்தால் ஒரு முத்தம், அதுவும் வாயை மூடிக்கொண்டு. அதனால் இரண்டு பெண் பிள்ளைகளையும் பார்க்க விட்டிருக்கிறேன்.
– இரு பிள்ளைகளின் தாய், மல்லாகம்

நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன், அந்த "வாயை மூடிக்கொண்டு" என்ற இடத்துக்காக.

சுத்தம் என்று எதைச் சொல்கிறோம் என்று பார்ப்போம். கொரிய நாடகங்களை நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் கொண்டுவந்து சேர்த்ததில் பெரிய பங்கு 2009இல் வந்த 'போய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' தொடருக்கு இருக்கிறது. உடை கழுவிக் கொடுக்கிற கடைக்காரரின் மகள், பெரும் பணக்காரப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். அங்கே நான்கு பணக்காரப் பொடியன்கள். அவர்கள் ஒருவரின் பெட்டியில் சிவப்பு அட்டை ஒட்டினால் பள்ளிக்கூடமே சேர்ந்து அந்த ஆளை வதைக்கும். அவளுக்கும் ஒட்டுகிறார்கள். அப்படி ஒட்டுகிற கூட்டத்தின் தலைவன்தான் கதாநாயகன், அவளுடைய காதலன் ஆகப் போகிறவனும் அவன்தான். அவன் கத்துவதும் கையைப் பிடித்து இழுப்பதும் அன்பின் அடையாளமாக மாறிக்கொண்டே போகிறது, பெண்ணைப் பெற்றவர்களோ பொடியனிடம் பணம் இருக்கிறது என்பதற்காகத் துள்ளிக் குதிக்கிறார்கள், அதை நகைச்சுவையாக வேறு எடுத்திருக்கிறார்கள். படுக்கையறைக் காட்சி ஒன்றும் இல்லை. நானே ரசித்துத்தான் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நாளைக்கு உங்கள் மகளின் கையை ஒருவன் பிடித்து இழுத்தால் அவளுக்கு என்ன ஞாபகம் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

வயதுக் குறியீடும் இப்படித்தான். 13+, 16+, 18+ என்று போடுவது இரத்தம், உடம்பு, கெட்ட வார்த்தை, போதை ஆகியவற்றைப் பார்த்து. ஏழையை இளக்காரம் செய்வதற்கும் தோற்றத்தைக் கேலி பண்ணுவதற்கும் பெரும்பாலும் குறியீடு கிடையாது. பள்ளிக்கூடத்தில் வடிவில்லாத பிள்ளை முகத்தை மாற்றிக்கொண்டதும் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற கதைகள் அங்கே நிறைய. உங்கள் மூத்தவள் கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று கவனித்தீர்களா?

நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு கண் வைத்திருங்கள் என்கிறேன்.

கேள்வி: எனக்கு நாடகம் பார்க்கத் தடை. அம்மா மட்டும் ஒவ்வொரு இரவும் இந்திய மெகா தொடர் பார்க்கிறா. அதில் மாமி மருமகளின் பாலில் விஷம் கலக்கிறா, மருமகளின் தங்கை வேறொருத்தியின் புருஷனைப் பிடிக்கப் பார்க்கிறா. அந்தத் தொடருக்காக எங்கள் வீட்டில் செபமாலை அரை மணித்தியாலம் பின்னால் போய்விட்டது. இது நியாயமா?
– 16 வயது மாணவி, யாழ். நகரம்

அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். நான் எழுதினேன் என்று சொல்ல வேண்டாம்.

கேள்வி: மறைக்கல்வி வகுப்பில் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் 'தேர்ட்டீன் ரீசன்ஸ் வை' என்ற தொடரைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். தற்கொலை செய்த ஒரு மாணவியின் கதை என்று அறிந்தேன். ஒரு பிள்ளை, "பாவம், அவளுக்கு வேறு வழியில்லை" என்றாள். என்ன சொல்வதென்று தெரியாமல் பாடத்துக்குப் போய்விட்டேன்.
– மறையாசிரியர், தீவகம்

இதற்கு மட்டும் பகிடி இல்லாமல் பதில் சொல்கிறேன்.

நெட்பிளிக்ஸ் அந்தத் தொடரை 2017 மார்ச் 31இல் வெளியிட்டது. இறந்துபோன மாணவி, தன் சாவுக்குக் காரணமானவர்கள் என்று நினைப்பவர்களுக்கு ஒலிநாடாக்களை விட்டுச் செல்கிறாள், ஒரு பகுதிக்கு நாடாவின் ஒரு பக்கம் என்று கதை போகிறது. எடுத்தவர்களின் நோக்கம் நல்லதுதான், பகிடிவதையும் வதந்தியும் ஒரு பிள்ளையை எங்கே தள்ளும் என்று காட்ட நினைத்தார்கள். மனநல வைத்தியர்கள் ஆரம்பத்திலிருந்தே எச்சரித்தார்கள். அமெரிக்காவில் 10 முதல் 17 வயதுவரையானவர்களின் தற்கொலை அந்த ஏப்ரலில் 28.9 வீதம் கூடியிருந்ததாக 2019இல் ஓர் ஆய்வு வந்தது. அதைத் தொடரின் தலையில் கட்ட முடியாது என்று அதே தரவுகளை மீண்டும் பார்த்த வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள், அந்த வாதம் இருக்கட்டும். 2019 ஜூலையில் நெட்பிளிக்ஸே அந்தச் சாவுக் காட்சியை வெட்டி எடுத்துவிட்டது.

என் பிரச்சினை அந்த ஒரு காட்சியில் இல்லை. கதிரை போட்டிருக்கிற இடத்தில்தான். இறந்த பிள்ளை கதை முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறாள், உயிரோடு இருந்தபோது கேட்காதவர்கள் எல்லோரும் இப்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள், அழுகிறார்கள், ஒருவரையொருவர் குற்றம் சாட்டுகிறார்கள். செத்தால்தான் கேட்பார்கள் என்று ஒரு 15 வயதுப் பிள்ளைக்குத் தோன்ற இதைவிட வேறு என்ன வேண்டும்? உண்மையில் செத்தவர் பேசுவதுமில்லை, மற்றவர் அழுவதைப் பார்ப்பதுமில்லை. போதாக்குறைக்கு, அவள் கடைசியாக உதவி கேட்டுப் போகிற பள்ளிக்கூட ஆலோசகர் அவளைக் கைவிட்டுவிடுகிறார், பெரியவர்களிடம் போய்ப் பிரயோசனமில்லை என்ற பாடத்தையும் தொடர் கையோடு கொடுத்துவிடுகிறது.

அடுத்த ஞாயிறு அந்தப் பேச்சை நீங்களே எடுங்கள். "வேறு வழியில்லை" என்று சொன்ன பிள்ளையை எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள், வகுப்பு முடிந்து தனியாக, சாதாரணமாகக் கதையுங்கள். உனக்கும் அப்படித் தோன்றியிருக்கிறதா என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தற்கொலை செய்தவர் நேரே நரகம் என்று மட்டும் வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். அந்த வாங்குகளில் ஒன்றில் மாமாவையோ அக்காவையோ அப்படி இழந்த பிள்ளை இருக்கலாம். கத்தோலிக்க மறைக்கல்வி ஏடும் அப்படிச் சொல்லவில்லை, கடும் மனவேதனையும் பயமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும், அவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக்கூடாது என்றுதான் 2282, 2283ஆம் எண்களில் இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தையும் சிறுவர் உதவிக்கான 1929ஐயும் பலகையில் எழுதிப் போடுங்கள், அழிக்க வேண்டாம்.

கேள்வி: மகன் முழு நாடகம் பார்ப்பதில்லை, ரிக்ரொக்கிலும் யூரியூப்பிலும் ஒரு நிமிடத் துண்டுகள்தான். அது பரவாயில்லையா?
– தந்தை, கொக்குவில்

அதுதான் கூடுதல் கவலை. துண்டு போடுகிறவர் எந்த இடத்தை வெட்டி எடுப்பார்? அடி விழுகிற இடம், முத்தம், ஆசிரியரை ஒருவன் எதிர்த்துக் கதைத்துவிட்டு ஸ்டைலாக நடந்து போகிற இடம். அடித்தவன் பிறகு தனியாக இருந்து அழுததையோ, எதிர்த்துக் கதைத்தவன் மன்னிப்புக் கேட்கப் போய் வாசலில் நின்றதையோ யார் வெட்டிப் போடப் போகிறார்? நல்ல நாடகமும் துண்டில் கெட்ட நாடகம் ஆகிவிடும். தாவீதின் கதையையே துண்டு போட்டால் மாடியும் குளியலும்தான் மிஞ்சும், நாத்தான் வரமாட்டார். ஒரு துண்டை அவன் ரசித்தால், முழுக் கதையையும் பார்ப்போம் வா என்று கூப்பிடுங்கள். நான் இப்படிச் சொல்வேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கமாட்டீர்கள்.

கேள்வி: 'நெவர் ஹாவ் ஐ எவர்' தொடரில் நடித்தது எங்கட பிள்ளை என்று எல்லோரும் பெருமைப்படுகிறார்கள். என் மகளும் அதைக் காட்டித்தான் அனுமதி கேட்கிறாள். முதல் காட்சியிலேயே அந்தப் பிள்ளை சாமி படத்துக்கு முன்னால் நின்று பொடியன் வேண்டும் என்று கும்பிடுகிறாள். கிறிஸ்தவப் பிள்ளைகள் பார்க்கலாமா?
– தந்தை, உடுவில்

பெருமையில் தவறில்லை. மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாவின் மிசிசாகாவில் வளர்ந்தவர், பெற்றோர் இலங்கைத் தமிழர், ஏறக்குறைய 15,000 பேர் விண்ணப்பித்த தெரிவில் வந்தவர். 2020 முதல் 2023 வரை நான்கு பருவங்கள். நாடகத்தில் அவர் கலிபோர்னியாவில் வாழ்கிற இந்தியத் தமிழ்ப் பிள்ளை தேவி.

கும்பிடுகிற காட்சியைப் பற்றி: அது இந்துப் பிள்ளை இந்து முறையில் செய்வது, அதில் நமக்குக் குறை பிடிக்க ஒன்றுமில்லை. பரீட்சைக்கு முதல்நாள் நம் பிள்ளைகள் அந்தோனியார் கோவிலில் வைக்கிற நேர்த்திகளை யாராவது நாடகமாக எடுத்தால் தெரியும் நம் வண்டவாளம்.

உள்ளே வருவோம். அந்தப் பிள்ளைக்கு முன்னால் அப்பா சாகிறார், அதிர்ச்சியில் மூன்று மாதம் கால்கள் அசையாமல் போகின்றன. அவள் செய்கிற கூத்துக்கு எல்லாம் அடியில் அந்தத் துக்கம் இருக்கிறது, அதைத் தொடர் மறப்பதில்லை. ஒரே நேரத்தில் இரண்டு பொடியன்களை ஏமாற்றுகிறாள், பிடிபடுகிறாள், அவமானப்படுகிறாள். இரண்டாம் பருவத்தில் புதிதாக வந்த ஒரு பிள்ளைக்குச் சாப்பாட்டில் ஏதோ பிரச்சினை என்று பொறாமையில் ஒரு கதையை வெளியே விடுகிறாள், அது பள்ளிக்கூடம் முழுக்கப் பரவி அந்தப் பிள்ளை நொந்துபோகிற இடம் இருக்கிறதே, அதை நம் ஊர் மாதர் சங்கத்துக்கே போட்டுக் காட்டலாம். வம்பு எப்படி ஆளை வதைக்கும் என்று இவ்வளவு தெளிவாக நான் பிரசங்கத்தில் கேட்டதில்லை. முதல் பருவத்தின் கடைசியில் தாயும் மகளும் அப்பாவின் சாம்பலைக் கடலில் கரைக்கிற காட்சியில் நான் அழுதேன்.

இனி மற்றப் பக்கம். உடலுறவைப் பற்றிய பேச்சு அதில் ஓயாது, அதை எல்லோரும் முடித்துவிட வேண்டிய ஒரு வேலை மாதிரிப் பேசுகிறார்கள். உடம்பு கடவுளின் ஆலயம் என்று நாம் சொல்கிற இடத்தில் அந்தத் தொடர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடும். உங்கள் மகளின் வயதை எழுதவில்லை. 13 என்றால் வேண்டாம். 17 என்றால் அம்மாவோடு இருந்து பார்க்கட்டும், இருவருக்கும் வெட்கமாக இருக்கும், இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் காலத்தில் எஸ்தாக்கியார் நாடகமும் ஞானசௌந்தரியும் விடிய விடிய ஆடினோம். விசுவாசம் வளர்ந்தது. இப்போது இந்தக் குப்பைகள். காலம் கெட்டுவிட்டதா இல்லையா, ஒரே வரியில் சொல்லுங்கள்.
– கூத்துக் கலைஞர், பாசையூர்

ஒரே வரியில் வராது அண்ணை. ஞானசௌந்தரியில் சிற்றன்னை சூழ்ச்சி செய்து பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பி இரண்டு கைகளையும் வெட்டுவிக்கிறா. இன்று ஒரு நாடகத்தில் அதைக் காட்டினால் 18+ போடுவார்கள். நீங்கள் அதைச் சின்னப் பிள்ளைகள் முன்வரிசையில் பாயில் இருக்க ஆடிக் காட்டினீர்கள், ஒரு பிள்ளையும் கெட்டுப்போகவில்லை. மாதா கைகளைத் திரும்பக் கொடுக்கிற இடம்வரை ஊரே விழித்திருந்தது அல்லவா, பயந்த பிள்ளை அம்மம்மாவின் மடிக்குள் முகத்தைப் புதைத்தது, வெட்டுகிறவனுக்கு ஊர்ப் பெண்கள் மண்ணை அள்ளித் திட்டினார்கள்.

90களின் முதல் பாதியில் மின்சாரம் இல்லாமல் இருந்தபோது எங்கள் வீட்டில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் ரேடியோ நாடகம் கேட்டோம். சுற்றுகிற முறை என்னுடையதாக இருந்தால் காதல் காட்சி வரும்போது அப்பா செருமுவார், நான் கையை மெதுவாக விடுவேன், சத்தம் மங்கி அடங்கிவிடும். எங்கள் வீட்டுத் தணிக்கைச் சபை அவ்வளவுதான். இப்போது பிள்ளைக்குக் காதுக்குள் இயர்போன், செரும ஆளில்லை. கதைகள் கெட்டதைவிட இதுதான் எனக்கு உறுத்துகிறது.

கேள்வி: எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் 'அடோலசென்ஸ்' தொடரைப் போட்டுக் காட்டிக் கலந்துரையாடலாம் என்று நினைக்கிறோம். சரிவருமா?
– வாலிபர் தலைவர், மானிப்பாய்

2025இல் வந்த பிரித்தானியத் தொடர், நான்கே பகுதிகள், ஒவ்வொன்றும் வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டமாக எடுக்கப்பட்டது. வகுப்புத் தோழியைக் கொன்றதாக 13 வயதுப் பொடியன் ஒருவனைப் பிடிக்கிறார்கள். கொலையைக் காட்டி ருசிக்க வைக்கவில்லை, போனுக்குள் பிள்ளைகள் ஒருவரையொருவர் என்னவெல்லாம் சொல்லிக்கொள்கிறார்கள் என்பது பெரியவர் ஒருவருக்கும் விளங்கவில்லை என்பதுதான் கதை. இங்கிலாந்தில் அதை மேல்வகுப்புப் பாடசாலைகளில் காட்ட ஏற்பாடே செய்தார்கள்.

ஆனால் முதலில் பெற்றோருக்குப் போடுங்கள். கடைசிப் பகுதி முழுக்க அவர்களுக்குத்தான், நல்ல தாய்தகப்பன், கெட்டவர்கள் இல்லை, பிள்ளை வீட்டுக்குள்தானே இருக்கிறான் என்று நிம்மதியாக இருந்தவர்கள். தகப்பன் மகனின் அறைக்குள் போய் அவனுடைய பொம்மைக் கரடியைப் போர்த்திவிடுகிற இடத்தில் நிறுத்திவிட்டு விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் விடுங்கள். கெட்ட வார்த்தைகள் உண்டு, மூப்பர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிறகு உங்கள் தலைதான் உருளும்.

கேள்வி: நத்தார் விழாவுக்கு எங்கள் பொடியன்கள் கெட்ட குமாரன் கதையை இந்தக் காலத்து நாடகமாகப் போடப்போகிறார்களாம். முதல் அரை மணித்தியாலம் முழுக்க அவன் கொழும்பில் குடித்துக் கூத்தடிக்கிறது. அப்பத்தான் சனம் பார்க்கும் என்கிறார்கள். என்ன செய்ய?
– ஞாயிறு பாடசாலை ஆசிரியை, வட்டுக்கோட்டை

லூக்கா 15ஐ அவர்கள் கையில் கொடுத்து, கூத்தடிக்கிற பகுதி எத்தனை வரி என்று எண்ணச் சொல்லுங்கள். "துன்மார்க்கமாய் ஜீவனம்பண்ணி, தன் ஆஸ்தியை அழித்துப்போட்டான்", அவ்வளவுதான், ஒரு வசனம்கூட முழுதாக இல்லை. பஞ்சம், பன்றி, தவிட்டைத் தின்ன ஆசைப்பட்ட வயிறு, அப்பாவிடம் என்ன சொல்வதென்று வழியில் மனப்பாடம் செய்தது, அதைச் சொல்லி முடிக்கவிடாமல் கிழவன் ஓடி வந்தது, வயலிலிருந்து வந்த மூத்தவன் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றது, இயேசு நேரம் செலவழித்தது இதிலெல்லாம். சனம் எதைப் பார்க்கும் என்று அவருக்குத் தெரியாமலா இரண்டாயிரம் வருடம் இந்தக் கதை ஓடுகிறது?

கொழும்புக் கூத்துக்கு மூன்று நிமிடம் கொடுங்கள், ஒரு பாட்டுக்குக் காணும். மூத்தவனுக்கு நல்ல நடிகனைப் போடுங்கள், அவன்தான் கஷ்டமான பாத்திரம். பன்றிக்கு மட்டும் உயிருள்ளது எதையும் மேடையேற்ற வேண்டாம். சில வருடத்துக்கு முன் ஓர் ஊரில் மாட்டுக்கொட்டில் காட்சிக்கு நிஜ ஆட்டைக் கொண்டுவந்து கட்டினார்கள், அது பாலன் படுத்திருந்த வைக்கோலைத் தின்று முடித்துவிட்டு, மூன்றாவது ராஜாவின் தாடியில் கை வைத்தது.